ஈகையும் இறைமாட்சியும்: உடலுறுப்புக் கொடையில் அரசின் பொறுப்பு

முன்னுரை

தமிழ் அறமரபில் கொடை என்பது பெரிதும் தனிமனிதப் பண்பாகவே பேசப்பட்டு வந்துள்ளது. வள்ளல்களின் பெயர்கள் நினைவிற் கொள்ளப்படுகின்றன. கொடை நிகழ்வதற்குத் துணைநின்ற அமைப்புகள் பற்றிய பேச்சு குறைவு. உடலுறுப்புக் கொடை குறித்து இன்று வெளிவரும் விளம்பரங்களும் மேடைப் பேச்சுகளும் இம்மரபையே பின்பற்றுகின்றன. மக்களிடம் ஈகைக் குணம் வளர்ந்தால் உறுப்புக்காகக் காத்திருப்போரின் துயர் தீரும் என்பது அவற்றின் அடிப்படைக் கருத்தாகும். இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும்? கொடை தனிமனிதருடையது எனின், அது உரியவரைச் சென்று சேரச் செய்யும் பொறுப்பு யாருடையது? இவ்வினாக்களை மும்பை, தமிழகம் ஆகிய இரண்டின் பட்டறிவையும் தமிழ் அறநூல்களின் சிந்தனையையும் துணையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மும்பையை முதன்மைக் களமாகக் கொள்வதற்குக் காரணங்கள் உள. இந்தியாவில் உறுப்பு மாற்று அறுவை முயற்சிகள் தொடங்கிய நகரங்களுள் அது முதன்மையானது. இத்துறைக்கான நடுவணரசுச் சட்டம் உருவாக வழிசெய்த மூன்று மாநிலங்களுள் மகாராட்டிரம் ஒன்று. மேலும் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய அண்டைப் பகுதிகளில் கூலித் தொழிலாளர் முதல் உயர் அலுவலர் வரை எல்லா நிலைத் தமிழரும் வாழ்கின்றனர். ஒரே அமைப்பு வெவ்வேறு பொருளாதார நிலையினரை எவ்வாறு தொடுகிறது என்பதை அங்கு எளிதில் காணவியலும்.

வள்ளன்மையும் நீர்நிலையும்

உடலையே கொடையாக்கும் சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. புறாவின் உயிர் காக்கத் தன் தசையை அரிந்து நிறைகோலில் இட்ட செம்பியன் சோழரின் முன்னோனாகப் போற்றப்படுகிறான். இறைவனுக்குத் தன் கண்ணையே இடந்து அப்பிய கண்ணப்பரைப் பெரியபுராணம் பாடுகிறது. தன் தலைக்கு விலை குறிக்கப்பட்டிருந்த நிலையில், பாடி வந்த புலவரின் வறுமை தீரத் தன் வாளையே ஈந்த குமணனைப் புறநானூறு காட்டுகிறது.

இம்மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கொடுப்பவரும் பெறுபவரும் நேருக்கு நேர் நிற்கின்றனர். பெறுபவரின் தேவை கொடுப்பவரின் கண்முன் தெரிகிறது. இடையில் மூன்றாமவர் எவரும் இலர். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறப்படும் உறுப்புக் கொடையோ இதற்கு நேர்மாறானது. கொடுப்பவர் பெறுபவரை அறியார். அறியவும் கூடாது என்பது இன்றைய நெறி. இருவருக்கும் இடையே மருத்துவமனை, காவல்துறை, காத்திருப்போர் பட்டியல், ஊர்தி, சட்டம் ஆகிய அனைத்தும் நிற்கின்றன. இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் கொடை கொடையாவதில்லை. ஆகவே செம்பியனையும் கண்ணப்பரையும் மட்டும் எடுத்துக்காட்டி இக்கொடையை விளக்குதல் முழுமையாகாது.

இவ்விடத்தில் தமிழ் மரபின் மற்றொரு கூறு நோக்கத்தக்கது. திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், அதற்கு முன்னர் ஒப்புரவறிதலையும் தனி அதிகாரமாக வைத்தார். அவ்வதிகாரத்தில் அவர் காட்டும் உவமைகளுள் ஊர் உண்ணும் நீர் நிறைந்த குளமும் எல்லா உறுப்பும் மருந்தாகப் பயன்படும் மரமும் அடங்கும். மழை தானே பொழிகிறது. குளம் தானே தோன்றுவதில்லை. அதனை ஒருவர் வெட்டவும் கரை கட்டவும் தூர் வாரவும் வேண்டும்.

இக்கடமை யாருக்கு உரியது என்பதைப் புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டு தெளிவாக்குகிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரை அது. வானம் பார்த்த நிலம் எத்துணைப் பரந்ததாயினும் வேந்தனுக்கு உதவாது. ஆதலின் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குக என்கிறார் புலவர். நிலத்தையும் நீரையும் ஒன்றுசேர்ப்போரே உடலையும் உயிரையும் உண்டாக்குவோர் என்பது அவர் கூறும் காரணம். மழை பொய்த்தது என்று வானத்தைப் பழித்து வேந்தன் ஒதுங்க இயலாது. பொழிந்த மழையைத் தேக்க அவன் என்ன செய்தான் என்பதே வினா. உறுப்புக் கொடையிலும் எழவேண்டிய வினா இதுவே.

ஆட்சியின் நான்கு செயல்கள்

இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் ஆட்சியின் ஆற்றலை நான்கு செயல்களாகப் பகுக்கிறார். பொருள் வரும் வழியை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததை முறையாகப் பகிர்தல் என அவற்றைச் சுருக்கிக் கூறலாம். உறுப்பு மாற்றுத் திட்டத்தின் படிநிலைகளோடு இந்நான்கும் பொருந்திவருகின்றன.

முதலாவது, வழியை உண்டாக்குதல். மூளைத்தண்டு இறப்பைச் சட்டப்படி உறுதிசெய்ய நான்கு மருத்துவர் கொண்ட குழு வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை ஆய்வு நடத்தல் வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவும் செயற்கைச் சுவாசக் கருவியும் பயிற்சி பெற்ற மருத்துவரும் இல்லாத இடத்தில் எத்துணை ஈகைக் குணம் இருந்தும் பயனில்லை. இரண்டாவது, சேர்த்தல். துயரத்தில் இருக்கும் குடும்பத்தாரிடம் பேசி ஒப்புதல் பெறும் ஒருங்கிணைப்பாளர் இதற்கு இன்றியமையாதவர். மூன்றாவது, காத்தல். எடுக்கப்பட்ட இதயம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்குள் பொருத்தப்பட வேண்டும். சிறுநீரகம் ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். போக்குவரத்தை நிறுத்தி வழியமைக்கும் அதிகாரம் காவல்துறைக்கே உண்டு. நான்காவது, பகிர்தல். யாருக்கு முதலில் என்னும் வினாவிற்குச் செல்வமும் செல்வாக்கும் விடை கூறாமல் நெறிமுறையே விடை கூற வேண்டும்.

கண் கொடையோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். இலங்கையில் 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் பல நாடுகளுக்குக் கண்களை அனுப்பியுள்ளது. தன்னார்வ அமைப்பு ஒன்றால் இத்தகைய பணி இயன்றதற்குக் காரணம், இதயத்துடிப்பு நின்று சில மணி நேரம் கழிந்த பின்னும் விழிவெண்படலத்தை எடுக்கலாம் என்பது. கல்லீரலுக்கும் இதயத்திற்கும் இது பொருந்தாது. தீவிர சிகிச்சை, சட்ட உறுதிப்பாடு, விபத்து வழக்குகளில் காவல்துறை நடைமுறை ஆகியன தேவைப்படும் இடத்தில் தன்னார்வம் துணையாகலாம், அடித்தளமாக இயலாது.

மும்பை காட்டும் பாடம்

மும்பை பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனை மாநகராட்சிக்கு உரியது. உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைக் கிறித்தியான் பர்னார்டு தென்னாப்பிரிக்காவில் 1967 திசம்பரில் செய்தார். அதன்பின் மூன்று மாதம் நிறையுமுன், 1968 பெப்ருவரியில், மருத்துவர் பி.கே. சென் இம்மருத்துவமனையில் இந்தியாவின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். நோயாளர் சில மணி நேரமே உயிர் வாழ்ந்தார். அக்காலத்தில் மூளைத்தண்டு இறப்பை ஏற்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. உடல் புது உறுப்பை மறுப்பதைத் தடுக்கும் சைக்ளோசுபோரின் போன்ற மருந்துகள் 1980களிலேயே பரவலாயின. ஆகவே அம்முயற்சி தொடராமற் போனதற்கு எவரையும் குறை கூற இயலாது.

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்திற்குப் பின்னர் நிலைமை வேறு. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலுக்கு உரியது. அரசமைப்பின் 252ஆம் பிரிவின்படி கோவா, இமாசலப் பிரதேசம், மகாராட்டிரம் ஆகிய மூன்று மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டதன்மேல் நாடாளுமன்றம் இச்சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் மருத்துவர் வேணுகோபால் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்தார். மும்பையிலோ 2015 ஆகஸ்டில், புணேயிலிருந்து கொணரப்பட்ட இதயம் ஒரு தனியார் மருத்துவமனையில் பொருத்தப்பட்டபோதே இத்துறை மீண்டும் உயிர் பெற்றது. கே.இ.எம். மருத்துவமனையில் இதய மாற்று அறுவை மீண்டும் நடைபெற்றது 2024 சூலையில். முதல் முயற்சிக்கும் இதற்கும் இடையே ஐம்பத்தாறு ஆண்டுகள் கடந்துவிட்டன. திறமை பொது மருத்துவமனையில் தோன்றியது. அது ஒரு திட்டமாக வளர்ந்ததோ பெரிதும் பணம் செலுத்த இயன்றோர் செல்லும் இடங்களில். தனிமனிதத் திறமையும் அரசின் திட்டமும் வேறு வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எனினும் மும்பை அமைப்பே அற்ற நகரம் அன்று. 2000ஆம் ஆண்டில் அங்கு மண்டல உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு மையம் தொடங்கப்பட்டது. அதன் அலுவலகம் சயானில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை வளாகத்தில் அமைந்தது. தாராவியை ஒட்டியிருக்கும் இம்மருத்துவமனையே அப்பகுதி மக்களின் முதற் புகலிடம். மும்பைப் பெருநகரின் உறுப்புப் பகிர்வை முறைப்படுத்தும் அலுவலகமும், மாற்று அறுவையின் செலவை நினைத்துப் பார்க்கவும் இயலாத மக்களும் கூப்பிடு தொலைவில் இருக்கின்றனர். இவ்வண்மை அறச்சிந்தனைக்கு உரியது.

தமிழகத்தின் திருப்பம்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடைபெற்றது. இப்பெருமையைப் பெற்ற தமிழகமே 1980களிலும் 1990களிலும் சிறுநீரக விற்பனைக்கும் பெயர் பெற்றது. சென்னை வில்லிவாக்கத்தின் பெயரையே திரித்துக் 'கிட்னிவாக்கம்' என வழங்கும் அளவிற்கு அது சென்றது. 2004 ஆழிப்பேரலையால் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பப் பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007 சனவரியில் வெளிவந்தது.

2008 செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த மாணவன் ஒருவனின் உறுப்புகளை மருத்துவரான அவனுடைய பெற்றோர் கொடையாக அளித்தனர். அவன் இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குக் காவல்துறை ஏறத்தாழப் பதினொரு நிமிடங்களில் கொண்டு சேர்த்தது. இந்நிகழ்ச்சி மக்கள் மனத்தை உருக்கியது என்பது உண்மை. ஆயினும் தமிழகம் இத்துறையில் முன்னணிக்கு வந்தது அவ்வுருக்கத்தால் மட்டும் அன்று. அதே ஆண்டில் அரசு ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. பகிர்வுக்கான பொதுப் பட்டியல் உருவாயிற்று. பகிர்வு வரிசையில் அரசு மருத்துவமனைகளுக்கு முன்னிடம் தரப்பட்டது. பின்னர் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மாற்று அறுவைக்கும் விரிந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் ஏழை நோயாளருக்கு அறுவை நடந்தது. 2023 செப்டம்பரில் உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கிற்கு அரசு மரியாதை அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் இறந்தோரிடமிருந்து உறுப்புப் பெற்ற நிகழ்வுகள் தமிழகத்தில் 268. நாட்டின் மிகுதியான எண்ணிக்கை அதுவே.

2007ஆம் ஆண்டின் தமிழரும் 2009ஆம் ஆண்டின் தமிழரும் ஒரே மக்களே. அவர்களுடைய ஈகைக் குணம் ஓராண்டில் மாறிவிடவில்லை. மாறியது அரசின் செயல். இறுதி மரியாதை சிறப்புடையதே. எனினும் கொடையாளருக்கு அரசு செய்யும் முதல் மரியாதை, அவர் தந்ததை வீணாக்காமல் உரியவரிடம் சேர்ப்பதேயாகும்.

வெற்றிடத்தை நிரப்புவோர்

அரசு செய்யாத இடத்தில் ஒன்றும் நிகழாமல் இருப்பதில்லை; வேறு சிலர் புகுகின்றனர். முதலில் புகுவது சந்தை. 1994 சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. 2011 திருத்தம் தண்டனையைப் பத்தாண்டுச் சிறை வரையும் ஒரு கோடி ரூபாய்த் தண்டம் வரையும் உயர்த்தியது. எனினும் 2016 சூலையில் மும்பைப் பொவாயில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில், விலைக்கு வந்த பெண்ணை நோயாளரின் மனைவியெனப் போலிச் சான்றுகளால் காட்டியதாக எழுந்த வழக்கு நாட்டையே திகைக்க வைத்தது. 2025 சூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளரிடமிருந்து சிறுநீரகம் பெறப்பட்டதாக எழுந்த புகாரைத் தமிழக அரசே விசாரிக்க நேர்ந்தது. முன்னணி மாநிலத்திலும் கடன்பட்டவரின் உடல் சந்தைப்பொருளாகிறது எனின், தண்டனை மட்டும் போதாது என்பது தெளிவு.

இரண்டாவதாக, சுமை வீட்டிற்குள் இறங்குகிறது. தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் கணக்குப்படி 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 மாற்று அறுவைகளில் உறுப்புப் பெற்ற பெண்கள் 6,945 பேர் மட்டுமே. உயிருடன் இருந்து உறுப்புத் தருவோருள்ளோ பெண்களே மிகுதி. தாயும் மனைவியும் தருவது அன்பினால்தான், ஐயமில்லை. ஆயினும் வேறு வழியற்ற இடத்தில் கேட்கப்படும் அன்பு எத்துணை உரிமையுடையது என்பதை அறவியல் வினவியே ஆக வேண்டும். சம்பாதிப்பவன் பிழைக்க வேண்டும் என வீடு முடிவுசெய்கிறது. அம்முடிவிற்கு வீட்டைத் தள்ளியது அரசின் செயலின்மை.

2023ஆம் ஆண்டில் இந்தியாவில் 18,378 மாற்று அறுவைகள் நடந்தன. பத்தாண்டுகளுக்கு முன், 2013இல், அவை 4,990 மட்டுமே. வளர்ச்சி பெரிது. ஆனால் 2023இல் இறந்தபின் உறுப்பு அளித்தோர் 1,099 பேர். மக்கள்தொகையில் பத்து இலட்சத்திற்கு ஒருவர்கூட இல்லை. எனவே வளர்ச்சியின் பெரும்பகுதியை உயிருள்ளோரின் உடலே தாங்கியது. குளம் வெட்டப்படாத ஊரில் ஒவ்வொரு வீடும் தன் கிணற்றை வற்ற இறைக்கும் நிலை இது.

ஒப்புதலும் பகிர்வும்

அரசின் பொறுப்பு என்றவுடன் அரசின் உரிமை என்று பொருள் கொள்ளலாகாது. சிங்கப்பூர் 1987 முதல், மறுப்புத் தெரிவிக்காதோர் ஒப்புதல் அளித்ததாகக் கொள்ளும் சட்டத்தைப் பின்பற்றுகிறது. ஸ்பெயினில் 1979ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே. எனினும் நடைமுறையில் அங்குக் குடும்பத்தாரின் இசைவு கேட்கப்படுகிறது. அந்நாடு உலகில் முதலிடம் பெற்றது 1989இல் தேசிய அமைப்பை உருவாக்கி, மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளரை அமர்த்திய பின்னரே. எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைவிடக் கேட்கும் முறையே மிகுதியும் பயன் தந்தது எனலாம்.

கேட்கும் முறையில் மொழி இன்றியமையாதது. தாராவித் தமிழர் பலரும் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரின் வழியினர். அத்தகைய குடும்பத்தின் இளைஞன் ஒருவன் விபத்தில் மூளைச்சாவு அடைகிறான் எனக் கொள்வோம். இதயம் துடிக்கிறது, உடல் வெதுவெதுப்பாக உள்ளது. அவன் இறந்துவிட்டான் என்பதைத் தாய்க்கு மராத்தியிலோ இந்தியிலோ சொல்லி, சில மணி நேரத்தில் கையொப்பம் கேட்டால் அது ஒப்புதலாகுமா? ஊரிலுள்ள பெரியவரைக் கேட்க வேண்டும் என அவள் சொன்னால் அது மறுப்பாகுமா? அவள் மொழியில், அவள் வினாக்கள் முடியும் வரை விடை சொல்ல ஒருவரை அமர்த்துதல் அரசின் கடமை. அவ்வாறு கேட்டபின் அவள் மறுப்பாளாயின் அம்மறுப்பும் மதிக்கத்தக்கதே.

சட்டத்தின் 5ஆம் பிரிவு, மருத்துவமனையிலோ சிறையிலோ நாற்பத்தெட்டு மணி நேரம் உறவினர் கோராத உடலிலிருந்து உறுப்பு எடுக்க இசைவளிக்கிறது. உறவினர் கோரக்கூடும் எனக் கருத இடமிருப்பின் எடுக்கலாகாது என்னும் காப்பும் உண்டு. அத்துணை நேரம் கழித்துப் பெறத்தக்கவை மிகச் சிலவே. எனினும் வேற்று மாநிலத்தார் வந்து உழைக்கும் மும்பை போன்ற நகரில் உறவினர் வரவில்லை என்பதற்கு உறவினர் அறியவில்லை என்பதே பலபோது பொருள். அறியாமையை இசைவாகக் கொள்வது ஈகை ஆகாது.

பகிர்வே அரசின் நேர்மைக்குக் கடைசிச் சோதனை. விபத்தில் சிக்கிய ஏழை பொது மருத்துவமனைக்குக் கொணரப்படுகிறான். அவன் உறுப்பு, அறுவைச் செலவை ஏற்க வல்லவரைச் சென்றடைகிறது. பட்டியல் நேர்மையாக இருப்பினும் பட்டியலில் சேரும் வசதியே சிலருக்கு மட்டும் எனின் அப்பகிர்வு முறையாகாது. தாராவியின் தாய் தன் மகனின் சிறுநீரகத்தைத் தருகிறாள். நாளை அவளுக்கே சிறுநீரகம் பழுதுபட்டால் அதே பட்டியலில் அவள் பெயர் ஏறுமா? ஆம் என்று சொல்ல இயலாத அரசு அவளிடம் கேட்கும் தகுதியை இழக்கிறது. மகாராட்டிரத்தின் மகாத்மா சோதிராவ் புலே திட்டத்தில் சிறுநீரக மாற்றுக்கான தொகை 2023இல் இரண்டரை இலட்சத்திலிருந்து நாலரை இலட்சமாக உயர்ந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் அறுவைக்குப் பின் வாழ்நாள் முழுவதும் மருந்து உண்ண வேண்டும். அதனையும் உறுதி செய்யாவிடின் பொருத்திய உறுப்பு வீணாகும், கொடையும் வீணாகும்.

ஒரு மறுப்பும் விடையும்

கழிப்பறையும் தூய குடிநீரும் போதாத தாராவியில் காசநோயை ஒழிப்பதன்றோ முதற்கடமை? ஒருவருக்குப் பல இலட்சம் செலவிடும் திட்டம் எதற்கு என்னும் வினா புறக்கணிக்கத்தக்கதன்று. முதற்கடமை எது என்பதில் இக்கட்டுரைக்கும் மாறுபாடு இல்லை. எனினும் இரண்டு கருதத்தக்கன. 2016 முதல் தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் வழி சிறுநீரக நோயாளருக்கு அரசு ஏற்கெனவே செலவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் குருதி சுத்திகரிப்பதைவிட மாற்று அறுவை நீண்ட காலத்தில் செலவு குறைந்தது. நோயாளரை உழைப்பிற்கும் திருப்புகிறது. அடுத்து, இத்திட்டத்திலிருந்து அரசு ஒதுங்கினாலும் ஏழைகள் இத்துறையிலிருந்து ஒதுங்க இயலவில்லை. விற்போராக அவர்கள் உள்ளே இழுக்கப்படுகின்றனர். கொடுப்போராக மட்டும் இருந்தவரைப் பெறுவோராகவும் ஆக்குவதே நீதி.

முடிவுரை

மருந்து அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நோயாளர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என நான்காக வகுத்தார். உறுப்பு மாற்று மருத்துவம் ஐந்தாவதாகக் கொடையாளரைச் சேர்த்தது. கொடையாளர் வந்தபின் ஆறாவதாக அரசும் வந்தே ஆக வேண்டும். ஏனெனில் அறியாத ஒருவருக்கு நம்பிக்கையோடு கொடுப்பதற்கு இடைநிற்கும் அமைப்பு நம்பத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

உலக நலப் பேரவை 2010இல் ஏற்ற வழிகாட்டு நெறிகளும் அவ்வாண்டின் மத்ரீத் தீர்மானமும் இப்பொறுப்பை நாடுகளின் மேல் வைத்துள்ளன. நெடுஞ்செழியனுக்குச் சொல்லப்பட்டதும் பொருளால் இதுவே. மூளைத்தண்டு இறப்பை உறுதிசெய்யும் வசதி ஒவ்வொரு பெரிய பொது மருத்துவமனையிலும் அமைதல், குடும்பத்தாரின் மொழியில் பேசும் ஒருங்கிணைப்பாளர் இருத்தல், பொது மருத்துவமனையிலேயே மாற்று அறுவை நடத்தல், வாழ்நாள் மருந்து உறுதிப்படுதல் ஆகிய நான்கும் நிறைவேறும் வரை மக்களின் ஈகைக் குறைவைப் பற்றிப் பேச அரசுக்கு உரிமையில்லை. கொடுப்பது மக்களின் அறம். கொடுத்ததை வீணாகாமல் காத்து முறையாகப் பகிர்வது அரசின் அறம். பின்னது இல்லாத இடத்தில் முன்னதை மட்டும் கேட்பது முறையாகாது.